வீனர்வால்டில் குழந்தைகளோடு மலைநடை: முழுமையான வழிகாட்டி

வியன்னாவின் ஹைலிகன்ஷ்டாட் நிலையத்தில் 38ஏ பேருந்தில் ஏறி அமர்ந்தால், திராட்சைத் தோட்டங்களையும் கிரின்சிங் கிராமத்தையும் கடந்து, அரை மணி நேரத்துக்குள் 484 மீட்டர் உயரமுள்ள காலென்பெர்க் குன்றின் உச்சியில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நடை முழுவதும் இறக்கம்தான். முடிவில் டிராம் வண்டி காத்திருக்கும். சிறு பிள்ளைகளோடு ஆஸ்திரியாவில் மலைநடையைத் தொடங்க விரும்பும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பேருந்தைப் பற்றித்தான். ஏனென்றால், குழந்தைகளோடு நடக்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "இனி என்னால் முடியாது" என்று பிள்ளை வழியில் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து எப்படி வெளியேறுவது என்ற கேள்விக்கே முதலில் விடை தேட வேண்டும். வியன்னா நகரின் மேற்கு எல்லையைத் தழுவிக் கிடக்கும் வீனர்வால்ட், அதாவது வியன்னாக் காடு, அந்தக் கேள்விக்கு ஆஸ்திரியாவிலேயே மிக எளிதாக விடை தரும் மலைப்பகுதி என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி: எந்தக் காட்டுக்குள் செல்கிறோம் என்று அறிந்துகொள்ளுதல்

ஆல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கே வந்து தாழ்ந்து முடியும் இடம் இது. இதன் மிக உயர்ந்த முகடான ஷோப்ஃபல் 893 மீட்டர்தான். வியன்னா நகர எல்லைக்குள் உள்ள மிக உயர்ந்த இடமான ஹெர்மன்ஸ்கோகல் 542 மீட்டர். பனிப்பாறையோ செங்குத்தான பள்ளமோ பெரும்பாலான வழிகளில் இல்லை. 2005ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கும் இந்தப் பகுதியின் பரப்பு ஏறக்குறைய 1,05,000 ஹெக்டேர்.

இந்தக் காடு இன்றைக்கு இருப்பதே ஒரு போராட்டத்தின் பயன். 1870ஆம் ஆண்டில் அரசு தன் கடன் சுமையைக் குறைக்க இந்த மரங்களை வெட்டி விற்க முனைந்தபோது, ஜோசஃப் ஷோஃபல் என்பவர் நாளிதழ்களில் விடாமல் எழுதி மக்களைத் திரட்டினார். 1872இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அவர் மோட்லிங் நகரின் மேயரானார். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையை, பீச் (beech) எனப்படும் இலையுதிர் காட்டு மரங்களின் நிழலில் நின்று சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

நடப்பவருக்குத் தேவையான இன்னொரு செய்தி மண்ணைப் பற்றியது. வீனர்வால்டின் வடக்கு, நடுப் பகுதிகள் ஃபிளிஷ் எனப்படும் மணற்கல்லும் களிமண் அடுக்கும் கலந்த பாறையால் ஆனவை. தெற்கே மோட்லிங் பக்கம் சுண்ணாம்புப் பாறை. ஃபிளிஷ் நிலத்தில் மழை நீர் எளிதில் கீழே இறங்காது. ஆகவே மழை பெய்து ஓய்ந்து ஒரு நாள் ஆன பின்னும் வடக்குப் பாதைகள் வழுக்கும். சேறு காலணியைப் பிடித்து இழுக்கும். மழைக்கு மறுநாள் நடக்கத்தான் வேண்டுமென்றால் தெற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: பருவத்தையும் நாளையும் முடிவு செய்தல்

மார்ச் இறுதியிலிருந்து மே வரை இலை துளிர்க்கும் காலம் அழகானது. காட்டின் தரை முழுவதும் பூக்கும். கோடையில் நகரம் கொதிக்கும்போதும் பீச் காட்டின் நிழல் குளிர்ந்திருக்கும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிற்பகலில் இடிமழை திடீரென்று திரளும் என்பதால், கோடை நடையைக் காலை எட்டு, ஒன்பது மணிக்கே தொடங்கி, பகலுணவு நேரத்துக்குள் பாதிக்கு மேல் முடித்துவிடுவது நல்லது. அக்டோபரில் காடு செம்பொன் நிறமாகிவிடும். என்னைக் கேட்டால் குழந்தைகளோடு செல்ல அதைவிடச் சிறந்த மாதம் இல்லை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதை மறந்து கிளம்பியவர்கள் இருட்டில் இறங்க வேண்டிவரும்.

கடுங்காற்று வீசும் நாளில் மட்டும் போகவே வேண்டாம். முதிர்ந்த பீச் மரக்கிளைகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழும்.

மூன்றாம் படி: வழியைத் தேர்ந்தெடுத்தல்

வியன்னா நகராட்சி எண்ணிட்ட நகர நடைவழிகளை அமைத்துப் பராமரிக்கிறது. அவற்றுக்கு ஷ்டாட்வாண்டர்வெக் என்று பெயர். பெரும்பாலானவை வட்டப் பாதைகள். தொடங்கும் இடமும் முடியும் இடமும் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களை ஒட்டியே இருக்கும். வழியில் முத்திரைப் பெட்டிகள் உண்டு. அட்டையில் முத்திரை பதிக்கும் ஆசை, சோர்ந்த பிள்ளையையும் அடுத்த அரைக் கிலோமீட்டர் நடக்க வைக்கும். குழந்தையின் வயதைக் கொண்டு நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தைக்கும் புதிதாக நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் உகந்தது லைன்சர் டீர்கார்டன். ஒரு காலத்தில் பேரரசரின் வேட்டைக்காடாக இருந்த இந்த 2,450 ஹெக்டேர் காட்டைச் சுற்றி இன்றும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீள மதில் நிற்கிறது. 1780களில் இரண்டாம் ஜோசஃப் பேரரசர் காலத்தில் அதைக் கட்டியவர் ஃபிலிப் ஷ்லுக்கர் என்ற கொத்தனார்; மிகக் குறைந்த விலைக்கு அவர் ஒப்புக்கொண்டதால்தான் பரிதாபத்துக்குரியவரைக் குறிக்கும் 'பாவம் ஷ்லுக்கர்' என்ற வழக்கு வியன்னா மக்களின் பேச்சில் வந்தது என்று சொல்வார்கள். லைன்சர் வாயிலில் நுழைந்தால், எலிசபெத் பேரரசிக்காக 1882 முதல் 1886 வரை கட்டப்பட்ட ஹெர்மஸ்வில்லா மாளிகை வரை செப்பனிட்ட நல்ல பாதை செல்கிறது; பெரியவர் நடையில் கால் மணி நேரம். விளையாட்டிடங்களும் அகன்ற புல்வெளிகளும் உள்ளன. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாய்க்கும் மிதிவண்டிக்கும் அனுமதி இல்லை என்பதால் தத்தி நடக்கும் குழந்தையைக் கையிலிருந்து விடத் தயங்க வேண்டியதில்லை. வாயில்கள் இருட்டுவதற்கு முன்பே மூடப்படும். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், உள்ளே நுழையும்போதே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். புயல் நாள்களில் காடு முழுவதும் மூடப்படுவதும் உண்டு.

நான்கு முதல் ஏழு வயதுக்கு, தொடக்கத்தில் சொன்ன காலென்பெர்க் இறக்கம். முதலாம் எண் நகர நடைவழி நுஸ்டோர்ஃபில் தொடங்கி காலென்பெர்க் ஏறித் திரும்பும் 11 கிலோமீட்டர் வட்டம். பெரியவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஏற்றம் ஏறக்குறைய 300 மீட்டர். இதை முழுமையாகச் சிறு பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது சரியல்ல. பேருந்தில் மேலே போய், 1887இல் கட்டிய ஸ்டெஃபானி காட்சிக் கோபுரத்தையும் டான்யூப் நதியின் தோற்றத்தையும் பார்த்துவிட்டு, அந்த வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் இறங்குங்கள். மேலே பீச் காடு, பிறகு திராட்சைத் தோட்டம், கீழே ஷ்ரைபர்பாஹ் என்னும் சிற்றோடை என்று பாதை மாறிக்கொண்டே வருவதால் குழந்தைக்குச் சலிப்புத் தட்டுவதில்லை. ஓடையோரப் பாதைக்குப் பீத்தோவன்காங் என்று பெயர். பீத்தோவன் நடந்து பழகிய வழி. காலென்பெர்க்கிலிருந்து பக்கத்து லியோபோல்ட்ஸ்பெர்க்குக்கு முகட்டு வழியாகச் செல்வது எளிதுதான். ஆனால் அங்கிருந்து காலென்பெர்கர்டோர்ஃபுக்கு இறங்கும் நாசன்வெக் பாதை மிகவும் செங்குத்தானது, படிகள் நிறைந்தது. சிறு பிள்ளைகளோடு அதில் இறங்க வேண்டாம். வந்த வழியே திரும்புங்கள்.

ஏழு வயதுக்கு மேல், ஓரளவு நடந்து பழகிய பிள்ளைகளுக்கு இரண்டாம் எண் நகர நடைவழி. 39ஏ பேருந்தில் சீவரிங் போய்த் தொடங்கும் 10 கிலோமீட்டர் வட்டம் இது. ஹெர்மன்ஸ்கோகல் உச்சியைத் தொட்டுத் திரும்புகிறது. உச்சியில் நிற்கும் ஹப்ஸ்பர்க் கோபுரம் 27 மீட்டர் உயரம்; 1880களின் இறுதியில் கட்டப்பட்டது. ஆஸ்திரியாவின் நில அளவை முறைக்கு அடிப்படைப் புள்ளியாக இருந்தது இந்தக் குன்றுதான். வரைபடத்தில் ஆர்வமுள்ள பிள்ளையிடம், "இந்த நாட்டின் பழைய வரைபடங்கள் பலவும் இந்த இடத்தை நம்பித்தான் வரையப்பட்டன" என்று சொன்னால் அதன் கண்கள் விரியும். உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள யேகர்வீஸ என்னும் புல்வெளியில் உணவகமும் விளையாட்டிடமும் இருக்கின்றன. உணவை உச்சியில் முடித்துவிடாமல் அந்தப் புல்வெளிக்கு ஒதுக்கிவைப்பது நல்ல உத்தி.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தெற்கே மோட்லிங். வியன்னாவிலிருந்து புறநகர் ரயிலில் சென்று, நகரத்தை ஊடறுத்து நடந்து, சின்ன அன்னிங்கர் மீதுள்ள ஹுசாரன் கோவிலுக்கு ஏறலாம். 1809ஆம் ஆண்டு நெப்போலியனுக்கு எதிராக நடந்த ஆஸ்பெர்ன் போரின் நினைவாக எழுப்பி 1813இல் முடிக்கப்பட்ட வெண்ணிறத் தூண் மண்டபம் அது. இங்கே காட்டின் முகமே வேறு: சுண்ணாம்புப் பாறையில் வேரூன்றி, காற்றில் குடைபோல் தலை பரப்பிய கரும்பைன் மரங்கள். இந்த மரங்களின் பட்டையைச் சீவிப் பிசின் எடுக்கும் தொழில் கீழ் ஆஸ்திரியாவில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. பட்டை உரிந்த பழைய மரத்தைக் கண்டால் பிள்ளைகளை நிறுத்தித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டும் பிசினின் மணம் மாலை வரை போகாது.

நான்காம் படி: நேரக் கணக்கு

பெரியவர் ஒருவர் சமதளத்தில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பார், 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்பது மலைநடையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பள்ளிப் பருவப் பிள்ளைகளோடு போகும்போது அந்த நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். அதற்கும் சிறியவர்களோடு போகும்போது இரண்டு மடங்கு. இது வெறும் நடைக்கான நேரம்தான். நத்தையைப் பார்க்கவும், ஓடையில் கல் எறியவும், விழுந்து கிடக்கும் மரத்தின் மீது ஏறி நடக்கவும் ஆகும் நேரம் வேறு. அந்த நிறுத்தங்களைத் தடங்கலாக நினைத்து அவசரப்படுத்தும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் குழந்தைக்கு மலை என்பதே அந்த நத்தையும் அந்தக் கல்லும்தான். நடைக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வந்தால் நாளில் ஐந்து மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், அவர் வந்து சேரும்போதெல்லாம் மற்றவர்கள் ஓய்வை முடித்து எழுந்துவிடுவார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஓய்வே கிடைக்காது.

ஐந்தாம் படி: காலணியும் முதுகுப்பையும்

இந்தக் குன்றுகளுக்கு விலையுயர்ந்த மலைக்காலணி கட்டாயமில்லை. ஆனால் அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள, கணுக்காலை இறுகப் பற்றும் காலணி வேண்டும். வழவழத்த அடிப்பகுதி கொண்ட விளையாட்டுக் காலணி, ஈரக் களிமண்ணில் பனிச்சறுக்குக் கட்டைபோல் சறுக்கும். புதுக் காலணியை நடை நாளன்று முதன்முறையாகப் போடுவிக்காதீர்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதுகில் சுமக்கும் சட்டத்தூளி, உள்ளூர்ப் பேச்சில் க்ராக்ஸன், தள்ளுவண்டியைவிட வசதியானது. அது தாங்கும் எடை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். அதில் அமர்ந்திருக்கும் குழந்தை நடக்காததால் அதற்கு விரைவில் குளிரும். வியர்க்க வியர்க்க ஏறும் தந்தைக்கு அது தெரியாது. ஆகவே அரை மணிக்கொரு முறை குழந்தையின் கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுக் காலுறை, மெல்லிய மழைச்சட்டை, தண்ணீர், ஒட்டுக்கட்டு, உண்ணி எடுக்கும் இடுக்கி, மின்னேற்றிய கைபேசி ஆகியவை போதும். வியன்னாவின் குழாய்நீர் 1873 முதல் ஆல்ப்ஸ் ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாக வருவது. வீட்டிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். வழியில் காணும் ஊற்றில் 'காய்ன் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

ஆறாம் படி: காட்டுக்குள் நடந்துகொள்ளும் முறை

1975ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி ஆஸ்திரியாவில் தனியார் காடானாலும் பொழுதுபோக்குக்காக நடந்து செல்ல எவருக்கும் உரிமை உண்டு. இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. மூன்று மீட்டர் உயரத்தை எட்டாத இளங்கன்றுகள் உள்ள இடத்துக்குள் நுழையக் கூடாது. உரிமையாளரின் இசைவின்றிக் கூடாரம் அடிக்கவோ மிதிவண்டி ஓட்டவோ கூடாது. உயிர்க்கோளக் காப்பகத்தின் மையப் பகுதிகளில் குறியிட்ட பாதையைவிட்டு விலகக் கூடாது. 'ஷ்பெர்கெபீட்' என்று எழுதிய பலகை மரம் வெட்டும் பணிக்காக மூடிய இடத்தைக் குறிக்கும். இயந்திர ஒலி கேட்காவிட்டாலும் அதைத் தாண்டாதீர்கள். அரைகுறையாக வெட்டிய மரங்கள் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கலாம்.

பாதையைக் காட்டுபவை மரத்திலும் கல்லிலும் தீட்டிய சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டைகள். அடுத்த பட்டையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பத்து நிமிடமாக ஒரு பட்டையும் கண்ணில் படவில்லையென்றால், மேலே தொடராமல் கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புங்கள். எதிரில் வருபவர் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்வார். பிள்ளைகளையும் பதிலுக்குச் சொல்லப் பழக்குங்கள்.

லைன்சர் டீர்கார்டனில் காட்டுப்பன்றிகள் பாதையோரத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். உணவு நீட்டாதீர்கள். குட்டிகளோடு தாய்ப்பன்றியைக் கண்டால், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடாமல், சத்தமிடாமல், வந்த வழியில் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வசந்தத்தில் இன்னொரு செய்தி மிக முக்கியமானது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட்டின் தரையில் பேர்லவுக் என்னும் காட்டுப்பூண்டு பச்சைக் கம்பளம்போல் படர்ந்திருக்கும். உள்ளூர்க் குடும்பங்கள் கூடையோடு வந்து பறிப்பார்கள். அதே இடத்தில், ஏறத்தாழ அதே வடிவ இலையோடு, நஞ்சுள்ள இரு செடிகள் முளைக்கின்றன. ஓர் இலையை அடியோடு பிடித்துப் பாருங்கள்: காட்டுப்பூண்டின் ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து எழும், அதன் அடிப்பக்கம் மங்கலாக இருக்கும், மைக்லோக்ஷன் செடியில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் விரியும், அடிப்பக்கம் பளபளக்கும், ஹெர்ப்ஸ்ட்சைட்லோச செடியின் இலைகளுக்குத் தனிக் காம்பே இராது, கொத்தாக மேலெழும். இந்த மூன்றாவதுதான் கொடியது. நம் செங்காந்தளின் உறவுச் செடி அது. செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின் நஞ்சு இதிலும் இருக்கிறது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று எண்ணாதீர்கள். முதல் இலையைக் கசக்கியதுமே விரல்களில் பூண்டு மணம் ஏறிவிடும், அதன்பின் எந்த இலையும் பூண்டாகவே மணக்கும். நன்றாக அறிந்த ஒருவர் உடனில்லாமல் பறித்துச் சமைக்காதீர்கள். குழந்தை எதையும் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: உணவும் ஓய்வும்

பசித்த பின் உணவு தருவது தாமதம். முக்கால் மணிக்கொரு முறை ஒரு பிடி உலர்திராட்சை, ஒரு துண்டு ஆப்பிள் என்று கொடுத்துக்கொண்டே வந்தால் அழுகை பாதியாகக் குறையும். பெரிய உணவை நடையின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்களில் கைசர்ஷ்மாரன் கேளுங்கள். பிய்த்துப் போட்ட தடித்த அப்பம்போன்ற இனிப்பு, பிளம் பழக் கூழோடு வரும், முட்டை சேர்த்தது. நுஸ்டோர்ஃபில் இறங்குபவர்கள் ஹாய்ரிகர் எனப்படும் திராட்சைத் தோட்டக்காரர் விடுதிகளைக் காண்பார்கள். 1784இல் இரண்டாம் ஜோசஃப் அளித்த அனுமதியால் பெருகிய வழக்கம் அது. வாசலில் பைன் கிளை கட்டியிருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். மதுவை விரும்பாதவர்களுக்குத் திராட்சைச் சாறும், ரொட்டியில் தடவித் தின்னும் லிப்டாவர் என்னும் காரப் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

விபத்து நேர்ந்தால் மலை மீட்புக்கு 140, ஆம்புலன்சுக்கு 144, ஐரோப்பா முழுமைக்கும் 112 என்ற எண்களை அழையுங்கள். இவற்றைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். விழுந்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

காலணியைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டியது உண்ணித் தேடல். ஆஸ்திரிய உண்ணிகள் மூளையைத் தாக்கும் எஃப்எஸ்எம்இ என்னும் வைரஸ் காய்ச்சலையும் போரேலியா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நோயையும் பரப்புகின்றன. முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை. நாட்டில் வசிப்பவர்களும் நீண்ட நாள் தங்குபவர்களும் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் உண்ணி கடித்துச் சில மணி நேரத்துக்குள் அகற்றிவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. நல்ல வெளிச்சத்தில் காதின் பின்புறம், தலைமுடி தொடங்கும் விளிம்பு, அக்குள், தொப்புள், இடுப்புப்பட்டி பதிந்த கோடு, முழங்காலின் மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக விரலால் தடவிப் பாருங்கள். குட்டி உண்ணி கசகசா அளவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெல்ல இழுங்கள். எண்ணெயோ பசையோ தடவக் கூடாது. கடித்த நாளையும் இடத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் தோன்றி விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

சேறு படிந்த காலணிக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, கணப்புக்கு நேரே வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். இரவில் ஒரு முறை தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும்.